எட்டாம் மாதத்தில் வந்த கிருபா

சபையாருக்கு ஸ்தோத்திரம். நான் முசரவாக்கம் சாந்தி. பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டு நூல் கடையில் எடை போடுகிறவள். கோபக்காரி என்பது உங்களுக்கே தெரியும். இந்தச் சாட்சியும் கொஞ்சம் கோபத்தோடுதான் வரும்.

நான்கு வருடத்துக்கு முன், ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டாம் மாதத்திலேயே எனக்குப் பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை ஒன்றரைக் கிலோ. இரண்டு கல்யாணப் பட்டுப் புடவையின் எடை. அது எவ்வளவு கம்மி என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அழுதேன்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா சொன்னார்: "இதயத்துக்குப் பக்கத்துல ஒரு ரத்தக்குழாய், பொறந்ததும் தானா மூடிக்கணும். சீக்கிரமா, எடை கம்மியா பொறந்த கொழந்தைங்களுக்குச் சில சமயம் மூடாது. மருந்து குடுக்கிறோம். மூடலைன்னா ஆபரேஷன்."

என் பெரிய நாத்தனார் என்னை ஓரமாக அழைத்தார். "ஏழாம் மாசத்துல பொறந்தாகூட நிக்கும் சாந்தி. எட்டாம் மாசத்துது தங்காது. பேரு கீரு வெச்சிடாத, அப்புறம் மனசு தாங்காது." அவர் கெட்டவர் இல்லை. தன் பிள்ளையை அப்படிப் பறிகொடுத்தவர். ஆனால் எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! நேராக நர்ஸிடம் போனேன். கண்ணாடிப் பெட்டியில் 'சாந்தி குழந்தை' என்று ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, "கிருபான்னு எழுதுங்க சிஸ்டர்" என்றேன்.

அன்று நான் செய்தது ஜெபமா, சண்டையா, தெரியவில்லை. "ஆண்டவரே, எந்த மாசத்துல வந்தாலும் நீர் படைச்ச புள்ளதான? அந்தக் குழாய மூடும். மூடுற வரைக்கும் உம்ம பாதத்த விடமாட்டேன்" என்றேன். ஐந்து நாள் மருந்தும் ஓடியது, ஜெபமும் ஓடியது. மறு செவ்வாய் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா சிரித்தார். "மூடிக்கிச்சும்மா." நாத்தனார் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

இப்போது உங்களிடம் ஒரு வார்த்தை. இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குப் பிற்பாடு ரத்த அழுத்தம் வர வாய்ப்பு கொஞ்சம் அதிகமாம். வருடா வருடம் காட்டச் சொன்னார்கள். போனேன். "கர்த்தர் மூடினத டாக்டர் என்னாத்துக்குப் பாக்கணும்? உனுக்கு விசுவாசம் இல்லியா?" என்று இங்கே சிலர் கேட்டீர்கள். வெட்கப்பட்டு ஒரு வருடம் போகாமல் விட்டேன். அது என் தப்பு. உடம்பு தேறட்டும் என்று நெய்யும் இனிப்புமாகத் திணித்ததும் என் தப்புதான். போன மாதம் போனபோது அதற்கு நல்ல திட்டு வாங்கினேன். இதயம் நன்றாக இருக்கிறது, பிரஷரும் சரியாக இருக்கிறது. இனி யார் என்ன கேட்டாலும் போவேன். மருந்து கொடுத்த கையையும் அவர்தானே அனுப்பினார்?

குறை மாதத்தில் பிள்ளை பெற்ற தாய்மாரே, ஆண்டவரிடம் துணிந்து கேளுங்கள். கேட்டுவிட்டு, செக்கப்புக்கும் கூட்டிப் போங்கள்.

அதோ, பின்வரிசையில் ஓடிக்கொண்டிருக்கிறாள். "ஓடாதம்மா, நெஞ்சு நோவும்" என்று யாரோ அவள் கையைப் பிடிக்கிறீர்கள். விடுங்கள். டாக்டரம்மா ஓடலாம் என்று சொல்லிவிட்டார். ஆண்டவர் அதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். ஓடட்டும்.