புள்ளி விழுந்த பீட்ரூட் கேக்

பீட்ரூட்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வளையம் வளையமாக இருக்கும். எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சாயங்காலம், சமையல் மேடையில் ஒன்றை வெட்டிப் பார்த்த எனக்கு அது காயாகவே தெரியவில்லை. சுருட்டி வைத்த கேக்காகத் தெரிந்தது. மெத்தென்ற மெல்லிய கேக்கைப் பாய் மாதிரி சுருட்டி, உள்ளே சிவப்பாக எதையோ தடவி, வில்லை வில்லையாக வெட்டுகிற வீடியோவை முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். அந்தச் சிவப்பு பீட்ரூட்டாக இருந்தால்? கத்தியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். உடனே யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் அப்பா மட்டும்தான் இருந்தார். அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குத் திண்டுக்கல் மார்க்கெட்டில் காய்கறி கமிஷன் கடை. விடிவதற்கு முன்பே போய்விடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் அடித்துப் போட்டது போல் தூங்குவார். விலை போகாமல் நின்றுவிட்ட காய் எங்கள் வீட்டுக்கு வரும், அதில் முக்கால்வாசி பீட்ரூட். அம்மா மஸ்கட்டில் நர்ஸ். அடுத்த தெருவில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, குழம்புத் தூக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "தொட்டுக்க வெஞ்சனம் நீயே வச்சுக்கிறியா தாயி?" என்று கேட்டபடியே செருப்பை மாட்டிவிடுவாள். அப்புறம் நானும் டிவியும்தான்.

அம்மா தினமும் போனில் பேசுவாள். ஒருநாள் நைட் டூட்டி முடித்துவிட்டு வந்து பேசியவள், கண்ணை மூடிக்கொண்டே, "பேசாம அங்கிட்டே வந்து ஒரு பேக்கரி கீக்கரி வச்சுக்கிட்டு ஒங்க கூடவே இருந்துறலாமான்னு இருக்கு பாப்பா" என்றாள். அடுத்த நிமிஷம் வேறு எதையோ பேச ஆரம்பித்துவிட்டாள். நான் அப்போதே பேக்கரிக்கு இடம் பார்க்கத் தொடங்கியிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலா, எங்கள் கோவில் தெருவிலா என்பது ஒன்றுதான் முடிவாகவில்லை. இனி வேண்டியது யாரும் விற்காத ஒரு கேக். அதைத்தான் அந்த பீட்ரூட்டுக்குள் கண்டேன்.

அப்பா எழுந்து காபி குடிக்கும்போது திட்டத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "பப்ஸும் போடுவீகளா?" என்றார். போடுவோம் என்றேன். "அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. குக்கருக்குள் வைத்தால் கேக் வட்டமாகத்தான் வரும். சுருட்டுவதற்கு நீளமாக, தட்டையாக வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்குகிற பிரியாணி தேக்சாவை ஸ்டூல் போட்டு இறக்கினேன். எதிர் வீட்டில் மாடி கட்டக் கொட்டியிருந்த எம்-சாண்ட் மணலை ஒரு வாளி அள்ளிவந்து அடியில் பரப்பினேன். விருந்தாளிகளுக்கு டீ கொடுக்கும் நீளமான எவர்சில்வர் தட்டு கச்சிதமாக உள்ளே உட்கார்ந்தது. மோர் கடைகிற மத்தால் முட்டையையும் சீனியையும் நுரை பொங்கக் கடைந்து, மைதாவைச் சலித்துத் தூவி, எண்ணெய் தடவிய காகிதத்தின் மேல் ஊற்றி, மூடிமேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தேன். ஊரே பிரியாணிக்குத் தம் போடும்போது நான் கேக்குக்குப் போட்டேன், அவ்வளவுதான்.

கேக் வெந்தது. சுருட்டியதும் ஆத்தூர் டேம் கோடையில் வறண்டு கிடப்பது போல வெடித்துவிட்டது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அத்தை ஒரு துண்டை வாயில் போட்டு, "ருசி கெடக்கட்டும், இத ஒட்டுறதுக்கு ஃபெவிகால் இருக்காடி?" என்றாள். மிச்சத்தை நானே மூன்று வேளையும் தின்றேன். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு, சீனி தூவிய ஈரத்துணியில் வைத்துச் சுருட்டிவிட வேண்டும். துணிக்குள்ளேயே ஆறினால் கேக் வளைவைப் பழகிக்கொள்ளும். பிறகு பிரித்துப் பூரணத்தைத் தடவி மறுபடி சுருட்டலாம். அவ்வளவு சுலபம்! அன்று இரவு சந்தோஷத்தில் தலையணையைத் துண்டில் சுருட்டிப் பழகினேன்.

டிசம்பரில் அம்மா லீவில் வந்தாள். கூட்டிவர அப்பாவும் அத்தையும் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நானும் வாரேன் என்றதற்கு, "பெட்டி வைக்க எடம் வேணாமாத்தா? செத்த நேரந்தான், கதவத் தாப்பாப் போட்டுக்க" என்றாள் அத்தை. வேறு நாளாக இருந்தால் அழுதிருப்பேன். அன்று எனக்கு வேலை இருந்தது.

பீட்ரூட்டைத் துருவிப் பாலில் வேகவிட்டு, சீனியும் நெய்யும் ஏலக்காயும் போட்டு அல்வா பதத்துக்குச் சுருளக் கிண்டினேன். கேக் பொன் நிறத்தில் எழும்பியது. தட்டை இடுக்கியால் தூக்கும்போது தேக்சாவின் விளிம்பு மணிக்கட்டில் பட்டுவிட்டது. அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. துணி! சமையலறைத் துண்டுகளில் மீன் வாடை. சட்டென்று தோன்றியது, ஒருமுறைகூட உடுத்தாததுதானே மிகச் சுத்தமான துணி? அம்மாவின் பீரோவைத் திறந்தேன். சின்னாளப்பட்டியில் வாங்கிய சுங்குடிச் சேலையோடு வந்த, தைக்காத ரவிக்கைத் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. கருஞ்சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள். நனைத்துப் பிழிந்து, சீனி தூவி, ஆவி பறக்கும் கேக்கை அதன்மேல் கவிழ்த்துச் சுருட்டினேன். வெடிக்கவில்லை. உண்மையிலேயே ஒரு விரிசல்கூட இல்லை. காலியான வீட்டில் தனியாகக் கைதட்டிக்கொண்டேன்.

ஆறியதும் பிரித்தேன். புதுச் சுங்குடியை முதலில் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைக்காமல் யாரும் தொடமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம், என்னைத் தவிர. சாயம் முழுக்கக் கேக்கில் இறங்கியிருந்தது. புள்ளி இருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாக, வரிசை பிசகாமல் நின்றன. கொஞ்ச நேரம் பயந்தேன். பிறகு உற்றுப் பார்த்தேன். அழகாக இருந்தது. எந்த பேக்கரியிலும் இப்படி இல்லை. பூரணத்தைத் தடவி, சுருட்டி, நடுக்கூடத்தில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன்.

வந்தார்கள். அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவளிடம் ஏர்போர்ட் வாசனை வந்தது. கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தட்டைக் காட்டினேன்.

"என்னடி இது, கேக்குக்குச் சேல கட்டி விட்டுருக்க?" என்றாள் அத்தை.

"அது பீட்ரூட்டுக் கலரு" என்றேன்.

"பீட்ரூட்டு எங்கடி புள்ளி வைக்கும்?"

அப்பா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அவள் என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்ப யாரு பத்த வச்சா?"

"நாந்தான்."

"பரண்லருந்து தேக்சாவ எறக்குனது?"

"ஸ்டூல் போட்டு நாந்தான்."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"யாரும் இல்லையே. எனக்குத்தான் எல்லாமே செய்யத் தெரியுமேம்மா. இம்புட்டு நாளா யாரு செய்றா?"

பெருமையாகத்தான் சொன்னேன். அத்தை சட்டென்று, "நா காபி போடுறேன்" என்று உள்ளே போய்விட்டாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கேக்கைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. நல்லா இருக்காம்மா என்று கேட்டதற்கு, "ரொம்ப நல்லாருக்கு பாப்பா" என்றாள், கேக்கைப் பார்க்காமலே. சாயத்தைத் தின்ன முடியாதென்று அப்பா அதை எடுத்துப்போய்விட்டார்.

லீவு முழுக்க அவள் என்னை அடுப்பங்கரைப் பக்கமே விடவில்லை. கையில் சோற்றை உருட்டி ஊட்டினாள். தலை பின்னினாள். நான் பேக்கரிப் பேச்சு எப்போது வரும் என்று காத்திருந்தேன். போக, வர இரண்டுக்கும் சேர்த்தே டிக்கெட் எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒருநாள் அவள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அம்மா, அப்ப பேக்கரி?"

"எந்த பேக்கரி?" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடித்த சேலையையே மறுபடி பிரித்து மடித்தபடி, "அடுத்த லீவுக்குப் பாப்போம்டா" என்றாள்.

அவள் கிளம்பிப் போன அன்று, கார் தெருமுனை திரும்பும்வரை கையாட்டிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனேன். அழவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. துணிதான். புள்ளி மட்டும் விழாமல் இருந்திருந்தால் அவள் ஒரு வில்லையாவது தின்றிருப்பாள். ஒரு வில்லை தின்றிருந்தால் போயிருக்கமாட்டாள். அடுத்த லீவுக்குள் சரிசெய்துவிடலாம். அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியில் ஒரு பாதியைக் கிழித்து வெந்நீரில் அலசிக் காயப்போட வேண்டும். முட்டையை இன்னும் கொஞ்ச நேரம் கடைய வேண்டும். பீட்ரூட்டே வேண்டாம், சாயமோ என்று யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது. அப்பா திருச்சியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக, நல்ல சிவந்த கேரட்டாகப் பார்த்து எடுத்துவரச் சொல்ல வேண்டும்.