நல்லி எலும்பு யாருக்கு

கபடியை நான் காருக்குள் இருந்துதான் பார்ப்பேன். பின் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பாதி இறக்கிக்கொண்டு. இறங்கி வந்து நாற்காலியில் உட்காரச் சொல்லி எத்தனையோ பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் போய் உட்கார எனக்குக் கூச்சம். காருக்குள் இருந்தால் நான் யாரைப் பார்க்கிறேன், என் முகம் எப்படிப் போகிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. போன சீசன் முழுக்க அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

மகனுக்கு ஏ.சி. பழுது பார்க்கிற கம்பெனியில் வேலை. அவன் அப்பா போன பிறகு என்னையும் துபாய்க்கு, அல் குசைஸுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மருமகள் ஒரு கிளினிக்கில் டூட்டி பார்க்கிறாள். புதுக்கோட்டை, பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து இங்கே ஒரு கபடி டீம் வைத்திருக்கிறார்கள். கட்டடங்களுக்குப் பின்னால் கிடக்கிற மணல்வெளியில் டூட்டி முடிந்து வந்து ஆடிப் பழகுவார்கள். குளிர் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்ச். டீமுக்குப் பெரியவர் மளிகைக் கடை பாய். அவர் அதிராம்பட்டினத்துக்காரர். ஜெர்சியில் தொடங்கி தண்ணீர் பாட்டில் வரை அவர் பொறுப்பு. யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்வதும் அவர்தான்.

என் மகன்தான் மெயின் ரைடர். எதிராளி கட்டத்துக்குள் பாடிக்கொண்டு போய், தொட்டுவிட்டு, சிக்காமல் திரும்பி வருகிற வேலை அவனுடையது. முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் அவனை ஓரம் கட்ட ஆள் இல்லாமல் இருந்தது.

மேட்ச் முடிந்தால் எல்லாருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு. ஹாலில் சுப்ரா என்கிற பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு வரிசையாக உட்காருவார்கள். கறி பாய் கடையிலிருந்து வந்துவிடும், குழம்பு நான் வைப்பேன். சட்டியில் இருக்கிற பெரிய நல்லி எலும்பு அன்றைக்கு அதிக பாயிண்ட் எடுத்தவனுக்கு. அதுவும் பாய் வைத்த வழக்கம்தான். பரிமாறுவது நான். அதனால் வருஷக்கணக்காக நான் அந்தக் கரண்டியை நேராக என் மகன் தட்டுக்குத்தான் கொண்டுபோனேன். அவன் எலும்பை உள்ளங்கையில் ஒரே ஒரு தட்டுத் தட்டி, ஒரே உறிஞ்சாக உறிஞ்சி வைத்துவிடுவான். பார்க்க அழகாக இருக்கும்.

இன்னொருவன் இருந்தான். கம்பி கட்டுகிற வேலை, தொழிலாளர் கேம்ப்பில் தங்கல், வயது இருபத்தைந்து இருபத்தாறு இருக்கும். அவனும் ரைடர்தான், ஆனால் சப். என் மகனுக்கு மூச்சு வாங்கினால் இறங்குவதற்காக ஓரத்தில் வைத்திருந்த ஆள். என் மகனுக்கு மூச்சு வாங்கினதே இல்லை. ஆகவே அவன் ரெண்டு வருஷமாகக் கோட்டுக்கு வெளியே, தண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். என் மகனுடைய வாட்சையும் மோதிரத்தையும் அவன்தான் வைத்துக்கொள்வான். சாப்பிட்டு முடித்ததும் சுப்ராவைத் துடைத்து மடித்துக் கொடுப்பான். அப்போதெல்லாம் அவன் எனக்கு நல்ல பிள்ளை.

போன சீசன் தொடங்கி ரெண்டாவது மேட்சில் மகன் ஒருத்தனைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது, எதிர் டீம் ஆட்கள் அவன் காலைப் பிடித்த பிடியில் முட்டி ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. முன் சீட்டில் இருந்த மருமகள் கார்க் கதவைத் திறந்துபோட்டு ஓடினாள். நான் காருக்குள்ளேயே இருந்துவிட்டேன். ஐஸ் வைத்து அவனை ஓரத்தில் உட்கார்த்தினார்கள். பாய் அந்தப் பையனைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

அவன் சட்டையைக் கழற்றிப் பாட்டில்கள் மேல் போட்டுவிட்டு எழுந்து போனான். போனவன் சும்மா தொட்டுவிட்டு வந்திருக்கலாம். மூலையில் மூன்று பேர் மேலே விழுந்து அமுக்க, அந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டில் கையை வைத்தான். எல்லாரும் எழுந்து கத்தினார்கள். ஓரத்தில் ஐஸோடு இருந்த என் மகனும் கத்தினான். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். மூன்று பேரை இழுத்துவர முடிகிற ஆள் ரெண்டு வருஷம் ஏன் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தான் என்று இருந்தது. எங்களை ஏமாற்றின மாதிரி.

அன்று சாயங்காலம் கரண்டியில் நல்லியை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

"அவனுக்குப் போடும்மா," என்றான் மகன். காலை நீட்டித் தலையணை மேல் வைத்திருந்தான்.

போட்டேன். அந்தப் பையன் அதைத் தட்டில் டொக் டொக் என்று தட்டினான். வரவில்லை. மறுபடியும் தட்டினான். ஊதினான். உள்ளே கண்ணை வைத்துப் பார்த்தான்.

"தம்பி, அதென்ன பைப் லைனா, உள்ள எட்டிப் பாக்குற," என்றார் பாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் எல்லா மேட்சும் அவனுடையதுதான். அவன் போனால் பாயிண்ட். அவன் பெயரைச் சொல்லிக் கூட்டம் கை தட்டியது. அவன் ரைடு போகிறதை யாரோ வீடியோ எடுத்துப் பாட்டுச் சேர்த்து எல்லாருடைய போனுக்கும் அனுப்பினார்கள். மருமகள் அதைச் சத்தமாக வைத்துப் பார்ப்பாள். என் மகனுடைய ரைடுகளை எந்தக் காலத்திலும் யாரும் பாட்டுச் சேர்த்து எடுத்ததில்லை.

அவனிடம் எனக்கு எதுவுமே பிடிக்காமல் போயிற்று. கோட்டைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொள்வது பிடிக்கவில்லை. பச்சை ஷூ பிடிக்கவில்லை. முன்னே மாதிரியே சுப்ராவைத் துடைத்து மடித்தான், அதுவும் பிடிக்கவில்லை.

"அத்தை, நீங்க மேட்சப் பாக்கல. அவனையேதான் பாக்குறீங்க," என்றாள் மருமகள், முன் சீட்டிலிருந்து திரும்பாமலே.

"எனக்கெதுக்கு அவன்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

மகன் முட்டி தேறினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று இருந்தேன். பாய் கடையில் சொல்லி ஆட்டுக்கால் வாங்கி, சின்ன வெங்காயமும் மிளகும் தட்டிப் போட்டு, எலும்பு கழன்று வருகிற வரைக்கும் குக்கரில் விட்டு சூப் வைத்தேன். மகன் ஆட முடியாவிட்டாலும் பழகுகிற இடத்துக்குப் போய் நிற்பான், அதனால் ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்துவிடுவேன். ஃபிளாஸ்க் காலியாக, கழுவித் துடைத்துத் திரும்பி வரும். எனக்குச் சந்தோஷம். குடித்த டம்ளரைக் கூட நகர்த்தி வைக்காத பிள்ளை ஃபிளாஸ்க்கைக் கழுவுகிறானே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நடுவில் அந்தப் பையன் ஊருக்கு வீடியோ கால் போட்டான். நல்லியைத் தூக்கிக் காட்டினான். பிறகு போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "எங்கம்மா. பேசுங்கம்மா," என்றான்.

போனுக்குள் என் வயதில் ஒரு அம்மா. பின்னால் அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"அக்கா, நல்லாருக்கீயளா? ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆட்டுக்கால் சூப்பு வச்சு வச்சுக் குடுத்து வுடுறீயளாமே எம்புள்ளைக்கு. சைட்டுலேருந்து வந்து அதக் குடிச்சாத்தான் காலு ஓடுதுங்குறான்."

மகன் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா. இருக்கட்டும்," என்றேன். அந்த அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன். மகன் ஜெயிப்பது பழகிப்போன முகம். அதற்கு முந்தின சீசன் வரைக்கும் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். காருக்குள் இருந்ததால் அதைப் பார்க்க ஆள் இல்லை. அந்த அம்மாவுக்குப் பார்க்கத் தெருவே வந்து நின்றது.

எல்லாரும் போன பிறகு மகனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா, முட்டி ஒனக்கா அவனுக்கா?"

"எனக்கு ஆட்டுக்கால் வாடையே ஆவாதும்மா. சின்னதுலேருந்து. ஒனக்குத் தெரியாதா?"

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னா விடுவியா? அவன் கேம்ப்புல பருப்புத் தண்ணியக் குடிச்சிட்டு வந்து ஓடுறான். நாம கப்பு அடிக்க வேணாமா?"

"நாமன்னா யாரு?"

"டீம்மா."

மறுநாள் நான் சொல்லாமலே பாய் கடையிலிருந்து ஆட்டுக்கால் வந்து சேர்ந்தது. யார் சொல்லி அனுப்பியது என்று கேட்கவில்லை. சூப் வைத்தேன். மிளகை ஒரு கை கூடவே போட்டேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவன் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே, "சூப்பு இந்தத் தடவ சுள்ளுன்னு இருந்துச்சும்மா. சளியெல்லாம் ஓடிப்போச்சு," என்றான்.

ஃபைனலுக்கு முன்னால் மகனின் முட்டி தேறிவிட்டது. டாக்டரும் ஆடலாம் என்று சொல்லிவிட்டார். முதல் நாள் சாயங்காலம் பாய் வீட்டுக்கு வந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"மாப்ளே, நாளைக்கு மொத ரைடு அவன் போவட்டும். நீ சப்புல இரு. மனசுல வச்சுக்காதே."

"சரி பாய்," என்றான் மகன். அவ்வளவுதான். டீ ஆறிவிட்டதா என்று பாயைக் கேட்டான்.

மேட்ச் ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில், நீல மேட் விரித்து நடந்தது. நான் பின் சீட்டில். கோட்டுக்கு வெளியே பாட்டில்களுக்குப் பக்கத்தில் என் மகன் உட்கார்ந்திருந்தான். அவன் கையில் ரெண்டு வாட்ச் இருந்தது. ஒன்று அவனுடையது. இன்னொன்று யாருடையது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பையன் எப்போதும் போல அள்ளிக்கொண்டு வந்தான். முடிகிற நேரத்தில் எதிர் டீம் நாலு பேராக மறித்து அவனை அமுக்கிவிட்டது. அவுட். பாயிண்டில் அவர்கள் ஒன்று முன்னால் போய்விட்டார்கள். அவர்கள் ரைடர் வந்து சும்மா திரும்பிப் போனதும் பாய் டைம் அவுட் கேட்டு, உள்ளே நின்ற ஒருத்தனை வெளியே எடுத்து, என் மகனை அனுப்பினார்.

கண்ணாடியை முழுக்க இறக்கினேன்.

அவுட் ஆனவன் திரும்ப உள்ளே வர வேண்டுமானால் நம் ஆள் போய் எதிராளி ஒருத்தனைத் தொட வேண்டும். அது எனக்குத் தெரியும். எங்கள் டீமில் அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருந்தது அந்தப் பையன் ஒருத்தன்தான். என் மகன் தொட்டால் அவன் எழுந்து வந்துவிடுவான். தொடாமல் வந்தால் டீம் தோற்றுப்போகும். தொட்டுட்டு வாடா என்றுதான் வேண்டினேன். அதே மூச்சில், அவன் உட்கார்ந்தே இருக்கட்டும் என்றும் வேண்டினேன். ரெண்டும் சேர்ந்து நடக்காது என்று சாமிக்குத் தெரியாதா என்ன.

மகன் பாடிக்கொண்டு போனான். முன்னே மாதிரி பாயவில்லை. ஓரமாகவே நகர்ந்து நகர்ந்து, மூலையில் நின்றவன் ஒரு அடி முன்னால் வைக்கிற வரைக்கும் காத்திருந்து, முட்டி திரும்பின அந்தக் காலையே நீட்டி, பெருவிரலால் தொட்டுவிட்டுத் திரும்பினான். ஒரு பாயிண்ட். சமம் ஆயிற்று.

கை தட்டினார்கள். தட்டி முடிப்பதற்குள் அந்தப் பையன் துள்ளி எழுந்து உள்ளே வந்துவிட்டான். கைதட்டல் அப்படியே அவன் பக்கம் திரும்பிவிட்டது. எதிராளி வந்து வெறுங்கையோடு போனான். அடுத்த ரைடு அந்தப் பையன் போனான். ரெண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தான். விசில் ஊதிவிட்டது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அவன் ஒரு கால் என் மகன் தோளில்தான் இருந்தது.

வீட்டில் அன்றைக்கு நிற்க இடமில்லை. கப்பை சுப்ராவுக்கு நடுவில் வைத்திருந்தார்கள். பாய் என்னைப் பார்த்து, "யாருக்குன்னு ஒங்களுக்கே தெரியும்," என்றார். நல்லியை அவன் தட்டில் போட்டேன்.

அவன் அதை எடுத்து என் மகன் தட்டில் வைத்தான். "அண்ணனுக்குத்தாம்மா இது. அவரு தொடலேன்னா நான் வெளியிலயேதான கெடந்திருப்பேன்."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அதுவரைக்கும் வராத கோபம் அப்போதுதான் வந்தது. எலும்பைக் கொடுக்கிற இடத்துக்கு அவன் வந்துவிட்டான். வாங்குகிற இடத்தில் என் மகன் இருக்கிறான். என் சட்டியிலிருந்து, என் கையால் போட்டது.

குனிந்து அதை எடுத்து மறுபடியும் அவன் தட்டில் வைத்தேன்.

"பாய் வச்ச வழக்கம். நீ தின்னு," என்றேன். அவனிடம் நான் நேராகப் பேசின முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

அவன் டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்தான். இத்தனை மேட்ச் ஆகியும் அவனுக்கு அது வரவில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

அவன் போன் அடித்தது. எடுத்து, எண்ணெய்க் கையோடு என் பக்கம் நீட்டினான். அதே அம்மா, பின்னால் அதே தெரு.

"அக்கா, பாத்தீயளா எம்புள்ளய?"

"பாத்தேன்."

"ஒங்க மவனும் ஒரு பாயிண்டு எடுத்தாராமே."

ஹாலில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று எப்போதும் போல வாய் மூடப் பார்த்தது. விடவில்லை.

"ஆமா," என்றேன். "அதுலதான் ஒங்க புள்ள எந்திரிச்சு உள்ள வந்துச்சு."

அந்த அம்மா பின்னால் நின்ற பெண்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "சாப்புட்டீயளா அக்கா," என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.