பத்தாவது என்று எழுதினேன்

அப்பாவின் சட்டையில் எப்போதும் சூடான தாளின் வாசனை இருக்கும். தல்லாகுளத்தில் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த ஒரு சின்னக் கடையில், காலையிலிருந்து சாயங்காலம் வரை "ஜெராக்ஸ் மிஷின்" பக்கத்தில் நின்றுவிட்டு அவர் கோச்சடைக்குச் சைக்கிளில் வந்து இறங்கும்போது, அந்த வாசனை அவருக்கு முன்பே வீட்டுக்குள் நுழைந்துவிடும். அவர் பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வராத இன்டர்வியூ கார்டுக்காகக் காத்திருந்தே அரசு வேலைக்கான வயதைத் தாண்டியவர். கடைக்கு வருகிறவர்கள் அவரை "எம்.ஏ. அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அவருக்கு அது பிடித்திருந்தது என்பது மட்டும் தெரியும்.

நான் ஒன்பதாவது படித்தபோது, சமூக அறிவியல் எடுத்த வசந்தா டீச்சர் ஒருநாள் கரும்பலகையில் நான்கு பட்டைகள் வரைந்தார். எட்டாவதோடு நின்றவர்களுக்குக் குட்டைப் பட்டை, பத்தாவதுக்கு அதைவிடக் கொஞ்சம் உயரம், பன்னிரண்டுக்கு இன்னும் மேலே, பட்டம் வாங்கியவர்களுக்குப் பலகையின் உச்சியைத் தொடும் பட்டை. "படிப்பு ஏற ஏற வருமானமும் ஏறும், புரியுதா? அவங்கவங்க வீட்டுல அப்பா எம்புட்டுப் படிச்சிருக்காங்க, என்ன வேலை பாக்குறாங்கன்னு கேட்டுட்டு வாங்க, நாளைக்குச் சார்ட்டுல எழுதி ஒட்டுவோம்" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னவர் அல்லர். எங்களில் பாதிப் பேரைப் பத்தாவதோடு நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் சொன்னார்.

அன்று மாலை அப்பாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. உச்சிப் பட்டைக்கு உரியவர் ஏன் ஜெராக்ஸ் எடுக்கிறார் என்று வகுப்பில் யாராவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற கவலையிலேயே இருந்தேன். மறுநாள் சார்ட்டில் என் முறை வந்தபோது, அப்பாவின் பெயருக்கு நேராக "பத்தாம் வகுப்பு, ஜெராக்ஸ் கடை" என்று நிறுத்தி நிதானமாக எழுதினேன். படிப்பும் வேலையும் பொருந்திப்போயின. யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் அப்பா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். எதைக் கண்டாலும் படிக்கிற வழக்கப்படி, சுவரில் இருந்த சார்ட்டை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார். டீச்சர் பக்கத்தில் வந்து, "பொண்ணு நல்லாப் படிக்கிறா சார். உங்களை மாதிரி பத்தாவதோட நிப்பாட்டிடாதீங்க" என்றார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருடம் நான் அதைச் சுமந்திருக்க மாட்டேன்.

"நிப்பாட்ட மாட்டேன் டீச்சர். எனக்குத்தான் அதுக்கு மேல படிக்கக் குடுத்துவைக்கல" என்றார்.

திரும்பும்போது சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம், "பசிக்குதா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யாராவது "எம்.ஏ. அண்ணே" என்றால், "பேரைச் சொல்லியே கூப்பிடுப்பா" என்று அவர் திருத்த ஆரம்பித்ததைக் ஜெராக்ஸ் கடை முதலாளி சொல்லித்தான், வெகுநாள் கழித்து, தெரிந்துகொண்டேன்.

நானும் எம்.ஏ., அதன்பின் பி.எட். முடித்து, சமயநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த அன்று, பஸ் நிறுத்தம் வரை கூட வந்தவரிடம், "அப்பா, ஒன்பதாவதுல அந்தச் சார்ட்டுல நான்..." என்று தொடங்கினேன்.

"பஸ் வருது பாரு, ஏறு பாப்பா. மொத நாளே லேட்டாப் போகாத" என்றார்.

ஏறிவிட்டேன். பிறகு சொல்லிக்கொள்ள எத்தனையோ நாட்கள் இருந்தன, நான்தான் தள்ளிப்போட்டேன். போன ஆவணியில் அப்பா போய்விட்டார்.

தல்லாகுளத்தில் அந்தக் கடை இப்போது இல்லை, செல்போன் கடை இருக்கிறது. வசந்தா டீச்சர் நடத்திய அந்தப் பட்டைப் பாடம் மட்டும் இருக்கிறது. வருடா வருடம் நானே அதை நடத்துகிறேன். பாடம் பொய்யில்லை, ஊர் முழுக்க எடுத்துப் பார்த்தால் படித்தவர்கள்தான் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் சில வீடுகளில் அது பலிக்காமல் போகும், அதற்கு அந்த வீட்டு மனிதர் வெட்கப்பட வேண்டியதில்லை, அவர் பிள்ளையும் வெட்கப்பட வேண்டியதில்லை என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். அவர்களும் தலையாட்டுகிறார்கள். அப்பாவிடம்தான் சொல்லவில்லை.