தேசம்மாவின் முகம்

போன வாரம் ஆபீஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் கேட்டைத் திறந்தால், வாசலில் மொட்டைத் தலையோடு ஒருவர். தோளில் ஒரு பழைய காமிரா. எங்கள் தெரு அம்மன் கோயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே மட்டும் போகவில்லை.

உற்றுப் பார்த்தேன். கஜேந்திரன்! நாலு வருஷத்துக்கு முன் எதிர் வீட்டில் குடியிருந்த சிற்பி.

"அம்மா தவறிட்டாங்க சார். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு படம் வேணும். அவங்க ஒரு போட்டோகூட எடுத்துக்கிட்டதில்லை. அவங்க முகம் இருக்கிற ஒரே இடம் இதான்..."

கோயிலைக் காட்டினார்.

கிழக்குத் தாம்பரத்தை அறியாத வாசகர்கள் திகைக்க வேண்டாம். விளக்கிவிடுகிறேன்.

கஜேந்திரன் நவீன சிற்பி. அவருடைய சிலைகளுக்குத் தலை இருந்தால் முகம் இருக்காது. முகம் இருந்தால் வாய் இருக்காது. 'தன் வேர்களைத் தேடும் கலைஞர்' என்று இங்கிலீஷ் பேப்பரில் எழுதினார்கள். வேரோ வாரத்துக்கு இரண்டு நாள் மீன் கூடையோடு எங்கள் தெருவிலேயே கூவிக்கொண்டு போகும்!

ஆமாம். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வரும் தேசம்மாதான் அவருடைய தாயார். அப்போது இது யாருக்கும் தெரியாது. 'படிச்சவங்க தெருவுல மருவாதியா இருடா' என்று மகனுக்கு உத்தரவு. கஜேந்திரன் தன் அம்மாவிடமே பேரம் பேசி வஞ்சிரம் வாங்குவார். "இன்னா சார், காலங்காத்தால பேஜார் பண்றே?" என்று அந்த அம்மாள் சிடுசிடுப்பாள். நான் ஒருமுறை சமாதானம்கூடச் செய்துவைத்தேன். மனித மனங்களைப் படிப்பவன் என்று பெயர் எனக்கு!

ஒருநாள் அவருக்கு அந்த நாடகம் அலுத்துப்போனது. அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஆளுயரத்துக்கு சிமெண்டில் சிலை செய்தார். தூக்கிச் செருகிய சேலை, தலையில் மீன் கூடை, கூவுவதற்குத் திறந்த வாய். முதல் முறையாக முகமுள்ள சிலை. பட்டணத்தில் பெரிய கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது. அடியில் 'என் தாய், மீன்காரி' என்று எழுதிவிட்டால் போதும், அப்புறம் யாருக்கும் ஒளிய வேண்டாம் என்றார்.

அவர் செய்த தவறு ஒன்றுதான். சிலையை வாசலுக்கு வெளியே, தெரு வேப்பமரத்தடியில் வைத்தார்.

சிமெண்ட் இறுக வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும். காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினார். ஈரச் சாக்கைச் சுற்றினார். வேப்பமரம், திறந்த வாய், இரண்டு வேளை தண்ணீர்... தெரு வேறு என்ன நினைக்கும்? பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அம்மை இறங்கியதும் அதன் தாய் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். சாக்குப் போய் மஞ்சள் புடவை வந்தது. கூடை மீன்களின் மேல் எலுமிச்சம்பழம் அடுக்கினார்கள்.

"ஐயா, இது எங்கம்மா. உங்க தெருவுக்கு மீன் கொண்டு வர்றாங்களே, அவங்க!" என்று கஜேந்திரன் கதறினார்.

ரயில்வேயில் ரிடையரான கார்டு சார் தெருவுக்குத் தலைவர். "செஞ்சவனுக்கு என்னப்பா தெரியும்? அவ உன் கையில வந்து இறங்கியிருக்கா" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சிலையை ஏற்ற லாரி வந்தபோது பெண்கள் குறுக்கே உட்கார்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்தார். கும்பிட்டார். லாரியைத் திருப்பி அனுப்பினார். மரத்தடியிலேயே கூரை போட்டுக் கோயில் கட்டிவிட்டார்கள். கும்பாபிஷேக நோட்டீஸை நான்தான் எழுதினேன். தெருவில் ஒரு எழுத்தாளன் இருந்தால் சைக்கிள் பம்பு மாதிரி. யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் போகலாம்.

கும்பாபிஷேகத்துக்கு மறுநாள் தேசம்மா வந்தாள். தன் முகத்தைத் தானே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தாம்மா, கூடையோட சந்நிதியில நிக்காதே. அந்தாண்ட போ" என்றார் கார்டு சார். பல வருஷமாக அவளிடம் மீன் வாங்கியவர். மீனின் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். அவள் முகத்தை எப்போது பார்த்தார்?

அழுத மகனிடம் அவள் சொன்னது எனக்குக் கேட்டது: "வுட்றா. நான்தான் வெயில்ல கெடந்து சாவறேன். அதுனாச்சும் நெழல்ல கீது, இருந்துட்டுப் போவட்டும்."

அந்த மாதமே கஜேந்திரன் வீட்டைக் காலி செய்தார். அதன்பின் போன வாரம்தான்...

"உள்ளே போய் எடுத்துக்கொள்வதுதானே?" என்றேன்.

"பூசாரி வுடலை சார். அம்மா செத்த தீட்டு. பதினாறு முடிஞ்சு வான்றாரு."

படம் பதினாறாம் நாளுக்கு வேண்டும். மகன் பதினாறுக்குப் பிறகுதான் உள்ளே வரலாம். அம்மா செத்துப்போனதால் அம்மா முகத்தைப் பார்க்கக் கூடாது!

காமிராவை வாங்கிக்கொண்டு நான் போனேன். நோட்டீஸ் எழுதிய புண்ணியத்துக்கு, ஒரே ஒரு படம் எடுக்க கார்டு சார் அனுமதித்தார். சிலையின் கண்மேல் வெள்ளியில் கண்மலர் பதித்திருந்தார்கள். வாய் முழுக்கச் சந்தனக் காப்பு. கூவல் எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது.

"அந்த வெள்ளிக் கண்ணை மட்டும் ஒரு நிமிஷம் எடுக்கலாமா?"

"என்ன ஓய், அம்பாள் கண்ணைப் பிடுங்கச் சொல்றீரா?" என்றார் கார்டு சார்.

நேற்று பிரிண்ட் வந்தது. கஜேந்திரன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அம்மா இல்லை சார்."

என் வாய் சும்மா இருக்குமா? "நீங்கதான் சிற்பியாச்சே. ஞாபகத்திலிருந்து ஒன்று செய்துவிடுங்களேன்" என்றேன்.

"ராத்திரி பகலா முயற்சி பண்றேன். கண்ணை மூடினா எனக்கும் வெள்ளிக் கண்ணுதான் வருது."

படத்தை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இன்று காலை கார்டு சார் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நெகடிவ் இருக்கிறதா என்று விசாரித்தார். பூஜை ரூமில் மாட்ட, தெருவில் வீட்டுக்கு ஒரு காப்பி வேண்டுமாம்.