மறக்கலாம் என்ற பக்கத்துக்கு என் தீர்ப்பு

கர்க்லாண்டில் மகளின் பள்ளிக்கூடத்தில் இன்று விவாதப் போட்டி. ஒருவருக்கு எதிராக ஒருவர். நடுவர்கள் போதவில்லை என்று பெற்றோரையும் பிடித்து இருத்திவிட்டார்கள்.

எனக்குக் கிடைத்த தலைப்பு: 'சமாதானத்துக்காகப் பழைய அநியாயங்களை மறந்துவிடலாம்.'

யார் எந்தப் பக்கம் என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவு செய்தார்கள். நடுவர்கள் சொந்தக் கருத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டுமாம். விட்டுவிட்டுத்தான் போனேன்.

மறக்கக்கூடாது என்ற பெடியன் தடுமாறினான். மறக்கலாம் என்ற பிள்ளை அவன் சொன்ன ஒவ்வொன்றையும் நிதானமாக மறுத்தாள். வெற்றியை அவளுக்கே கொடுத்தேன்.

"மெர்சி மேடம். உண்மையில் நான் அப்படி நினைக்கவில்லை" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

காரில் கணவர் கேட்டார். "ஆர் வெண்டது?"

"மறக்கச் சொன்ன பிள்ளை."

"நீரோ அவளுக்குப் போட்டனீர்?"

"ஓம். நல்லாக் கதைச்சாள்."

சிவப்பு விளக்கில் காரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப வீட்டை போய் உம்மட அண்ணையின்ர படத்தைக் கழட்டுவமோ?"

பகிடிதான். ஆனால் ஊரில் போர் நடந்தபோது ஆமி கூட்டிக்கொண்டு போன அண்ணா இன்னும் திரும்பி வரவில்லை. எங்களிடம் இருப்பது அந்தப் படம் மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமையும் நடுவர்கள் தேவையாம். உங்களில் ஞாபகசக்தி குறைந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.