ஒல்லாந்துக்காரன் சுருட்டு மிஷின்

பழவேற்காட்டில் துருப்பிடித்த இரும்பு எது கிடைத்தாலும் அது ஒல்லாந்துக்காரனுடையதுதான். கிணற்றடியில் கிடந்த கப்பி ஒல்லாந்துக்காரனுடையது. வலையில் சிக்கி வந்த நங்கூரம் ஒல்லாந்துக்காரனுடையது. லாரியிலிருந்து கழன்று விழுந்த ஒரு பட்டைகூடச் சில நாள் ஒல்லாந்துக்காரனுடையதாக இருந்து, லாரிக்காரன் தேடிக்கொண்டு வந்த பிறகே அவனிடம் திரும்பிப் போயிற்று. ஆகவே என் சின்ன மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, ஒரு காலையில் ஏரியைத் தாண்டிப் படகில் கொண்டுவந்து இறக்கிய சாமானும் ஒல்லாந்துக்காரன் மிஷின் ஆனதில் வியப்பில்லை.

எதையும் ஆண்டு போட்டுச் சொல்லாவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. ஒல்லாந்தர் 1825-இல் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மாமா மிஷின் கொண்டுவந்த ஆண்டுதான் பிடிபடவில்லை. எங்கள் குப்பத்துக்கு நைலான் வலை வந்துவிட்டது. ஏரிக்குப் பாலம் வரவில்லை. நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். மூன்றாம் வகுப்பை நான் இரண்டு தடவை படித்ததால் அதற்கு மேல் துல்லியம் கூடவில்லை.

மாமாவின் வலக்கையைக் கெடுத்ததும் அந்த நைலான் வலையின் கயிறுதான். வலை இழுக்கையில் விரல்களைச் சுற்றி இறுக்கிவிட்டது. காயம் ஆறிய பிறகும் மூன்று விரல்கள் மடங்க மறுத்தன. அதற்கு முன்பே அடுத்த குப்பத்துப் பெண்ணை அவருக்குப் பேசித் தாம்பூலத் தட்டு மாற்றியாகிவிட்டது. கயிறு பிடிக்க முடியாதவனுக்குக் கடலில் வேலை இல்லை. கடலில் வேலை இல்லாதவனுக்குப் பெண் கொடுப்பார்களா? தட்டு திரும்பி வந்துவிடும் என்று அம்மா தினமும் புலம்பினாள். பித்தளைத் தட்டுதானே, வந்தால் நல்லதுதானே என்று நான் நினைத்தேன்.

பெண்ணின் அப்பா முடியாது என்று சொல்லவில்லை. கேள்வி ஒன்றைத்தான் சொல்லியனுப்பினார். "கரையில குந்திகினு எப்டி சோறு போடுவான்னு காட்டட்டும். அப்பறம் நாள் பாக்கலாம்."

மாமா காட்டக் கொண்டுவந்ததுதான் மிஷின். பட்டணத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதைக் கண்டுபிடித்திருந்தார். சாக்கைப் பிரித்ததும் தெருவே கூடிவிட்டது.

"இன்னாடா இது, முறுக்கு பிழியறதா?"

"தையல் மிஷினுக்குத் தங்கச்சி மாதிரி இருக்குதே!"

"இன்னா மாப்ள, இது மீன் புடிக்குமா?" என்றார் என் நைனா.

"சுருட்டு சுத்தும் மாமா."

"தானாவா?"

"நாம சுத்துனா அது சுத்தும்."

"அப்போ நாமளே சுத்திக்கலாமே," என்றார் நைனா. எல்லாரும் சிரித்தார்கள். மாமா தம் வலக்கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். சிரிப்பு நின்றது.

மிஷின் முழங்கை நீளப் பலகை ஒன்றின் மேல் இருந்தது. எதிரெதிராக இரண்டு சிறிய பித்தளைக் கிண்ணங்கள். புகையிலையை நீளவாக்கில் திரட்டிச் செய்த உள்கட்டு ஒன்றை அவற்றின் நடுவில் பொருத்த வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் கட்டு சுழலும். வெளியே சுற்றும் மேலிலையை நாடாவாக நறுக்கி, சாய்வாக நின்ற ஒரு தகட்டின் இடுக்கில் செருகிவிட்டால், அது ஒரு முனையில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி ஏறி மறுமுனையில் போய் முடியும். முடியும் இடத்தில் ஒரு பொட்டுக் கஞ்சிப்பசை. அவ்வளவுதான். இதற்கு இடக்கை ஒன்றே போதும். மாமா அதை வாங்கிய காரணமும் அதுவே.

அந்தச் சாய்வுத் தகட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுக்கவே இல்லை. மாமா அசந்த நேரத்தில் என் பென்சிலுக்கு மேலிலை சுற்றினேன். துடைப்பக் குச்சிக்குச் சுற்றினேன். ஒரு காய்ந்த நெத்திலிக்கும் சுற்றினேன். உள்ளபடி சொன்னால் நெத்திலிதான் மிக அழகாக வந்தது. மிஷினுக்குள் என்ன வைக்கிறோம் என்பதைப் பற்றி அதற்கு ஒரு கவலையும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மரியாதையோடு சுற்றியது.

மாமா செய்த முதல் சுருட்டுகளை நைனா பிடித்துப் பார்த்து, பிரமாதம் என்றார். நைனா பீடி பிடிப்பவர். மாமாவுக்கோ புகைப் பழக்கமே கிடையாது. இந்த இரண்டையும் அப்போது யாரும் யோசிக்கவில்லை.

பெண்ணின் அப்பா மணலில் நடந்தே வந்து சேர்ந்தார். கருத்து வற்றிய உடம்பு, வேட்டி முழங்காலுக்கு மேல். மாமா அவர் கண்ணெதிரே ஒரு சுருட்டைச் சுற்றி முடித்து, இடக்கையால் கொடுப்பது மரியாதை இல்லை என்று மடங்காத விரல்களாலேயே ஏந்தி நீட்டினார். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"ஒல்லாந்துக்காரன் மிஷின்," என்று யாரோ பெருமையாக எடுத்துக் கொடுத்தார்கள்.

அவர் சுருட்டைப் பற்றவைத்தார். கங்கு நன்றாகக் கனிந்ததும், சுருட்டைத் திருப்பி, நெருப்பு முனையை வாய்க்குள் வைத்து உதட்டை மூடிக்கொண்டார்.

எங்கள் பக்கத்துப் பழைய கடலாட்கள் அப்படித்தான் பிடிப்பார்கள். கடற்காற்றில் வெளியே இருக்கும் நெருப்பு நிற்காது. ஓர் அலை தெறித்தால் அணைந்துவிடும். வாய்க்குள் இருந்தால் பயமில்லை. அந்தப் பழக்கம் கரைக்கு வந்தாலும் விடாது. ஆனால் மிஷினைச் செய்தவன், அவன் எந்த நாட்டானோ, நெருப்பு வெளியே இருக்கும் என்று நம்பிச் செய்தவன். அவன் கணக்கில் பசை வாய்ப்பக்க முனைக்குத்தான். நெருப்புப் பக்கம் வெறுமனே மடித்து விட்டது. சில வெளிநாட்டு மொழிகளில் சுருட்டுக்கு வழங்கும் சொல்லே நம் ‘சுருட்டு’தான் என்று பின்னாளில் படித்தேன். சொல்லை வாங்கிக்கொண்டு போனவர்கள், அதை இந்தக் கரையில் எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டு போகவில்லை.

எச்சில் பட்டதும் மேலிலை அவிழ்ந்து கங்கு நாக்கில் உதிர்ந்திருக்க வேண்டும். பெரியவரின் கன்னம் ஒரு தடவை துள்ளியது. கண்ணில் நீர் நின்றது. வாய் மட்டும் திறக்கவில்லை. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் மெல்ல எழுந்து, கால் கழுவப் போகிறவர் போல வீட்டுக்குப் பின்னால் போனார். நான் சொம்பில் தண்ணீரோடு பின்னால் ஓடினேன். மணலில் நெருப்புக் கங்கைத் துப்பிவிட்டுத் தண்ணீரை வாங்கிக் கொப்பளித்தார். நாக்கு செக்கச்செவேல் என்று இருந்தது.

"எரியுதா?" என்று கேட்டேன்.

"எரியாம இன்னா பண்ணும்? உங்க மாமங்கிட்ட சொல்லாத."

"ஏன்?"

"அவன் பட்டது போதும் புள்ள."

இது என்ன பதில் என்று எனக்கு விளங்கவில்லை. சுட்டது இவர் நாக்கு. பட்டவர் எப்படி மாமா ஆவார்?

திரும்பி வந்து உட்கார்ந்து, வார்த்தைகளை வாயில் புரட்டிப் புரட்டிப் பேசினார். "புகை நல்லா இருக்குது. கட்டு நல்லா இருக்குது. ஆனா நெருப்ப உள்ள வெச்சிப் புடிக்கிறவனுக்கு ரெண்டு முனையும் நூல் போட்டு இறுக்கணும். இந்த மிஷினுக்கு அது தெரியாது." மாமா தலையைத் தாழ்த்திக்கொண்டார். பெரியவர் அம்மாவைப் பார்த்து, "முனைய என் பொண்ணு கட்டட்டும்மா. வலை முடியற கை. நாள் பாருங்க," என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு முனையிலும் நூல் கட்டத் தெரியாதாம்! நெத்திலியைக்கூட அப்படிச் சுற்றிய மிஷினைக் குறை சொல்லி, அதன் வேலையில் பாதியை வேறோர் ஆளிடம் கொடுத்துவிட்டார். அதையும் நம் வீட்டிலேயே உட்கார்ந்து சொல்கிறார்.

இதற்கு எங்கள் வீட்டார் செய்தது என்ன? அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நைனா விற்பதற்கு எடுத்து வைத்திருந்த கொடுவா மீனைக் குழம்புக்குத் தூக்கிக் கொடுத்தார். தெருப் பெண்கள் வந்து அம்மாவின் கன்னத்தைக் கிள்ளினார்கள். மிஷினைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாவாவது வருத்தப்படுவார் என்று தேடிப் போனேன். அவர் மிஷின் எதிரில் உட்கார்ந்து, இலையும் கட்டும் ஒன்றும் வைக்காமல், வெறும் கைப்பிடியை இடக்கையால் சுற்றிக்கொண்டு, தமக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். தோற்ற கவலையில் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு செய்து, அம்மாவைக் கூப்பிட ஓடினேன்.