ஈசானிய மூலையும் கேபிள் ட்ரேயும்

ஹாம்பர்க்கில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், மின்கம்பிகளைத் தாங்கியபடி தலைக்கு மேலே ஓடும் கேபிள் ட்ரேயில் ஒரு பகுதி எப்போதும் காலியாகவே கிடக்கும். பின்னாளில் வரப்போகும் கேபிள்களுக்காம். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. எங்கள் பக்கம் ஒரு ட்ரே காலியாக இருந்தால் மறுநாளே அதில் யாராவது தூக்குவாளியைத் தொங்கவிட்டிருப்பார்கள். என் மேலாளர் ஹான்ஸோ அந்தக் காலி இடத்தை அண்ணாந்து பார்த்து, பேரப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பூரித்துப் போவார்.

போன விடுமுறைக்கு மதுரை வந்தபோது, என் மனைவியின் அண்ணன் செல்வம் கொட்டாம்பட்டி அருகே நெல் அவிக்கும் மில் கட்டிக்கொண்டிருந்தார். "கரண்டு வேலைய எங்க மாப்ளதான் பாக்கணும்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நானும் வெளிநாட்டு மிடுக்கோடு ட்ரேயைத் தேர்ந்தெடுத்தேன். ஆவி அடிக்கும் இடம் என்பதால் துத்தநாகத்தில் முக்கியெடுத்த, ஏணி போன்ற ட்ரே. தண்ணீர் தேங்காது, துருவும் எளிதில் ஏறாது. ஹாம்பர்க் வழக்கப்படி அதில் ஒரு பகுதியைக் காலியாக விடவும் சொன்னேன். மின்கம்பத்திலிருந்து வடகிழக்கு மூலை வழியாகச் சுவரோரம் போனால் தொட்டிகளின் பக்கமே வராது. வாஸ்துக்காரர் வரும்வரை எல்லோரும் சரி என்றுதான் சொன்னார்கள்.

வடகிழக்கு என்பது ஈசானிய மூலை, அங்கே இரும்புப் பாரம் ஏறக்கூடாது என்றார் அவர். என் பொறியியல் பட்டம் அந்த இடத்திலேயே காலாவதியானது. மச்சான் உடனே ட்ரேயை நெல் அவிக்கும் தொட்டிகளுக்கு மேலே திருப்பச் சொன்னார்.

"மச்சான், அந்த ஆவிக்கு கேபிள் வெந்து போயிரும்."

"நெல்ல வேக வைக்கத்தான மாப்ள மில்லு கட்டுறோம். அதுவும் சேந்து வேகட்டும்."

"கீழ ஈரத்தரையில வெறுங்காலோட ஆளுக நிப்பாய்ங்க. கரண்டு பாஞ்சா உசுரு போயிரும் மச்சான்."

"அம்புட்டுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. பூசை போட்டுத்தான திறக்கப் போறோம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஜெர்மன் விதிமுறைகளை எடுத்துச் சொன்னால் பெருமையாகத் தலையாட்டுவார், செய்யமாட்டார். அதனால் வாஸ்துக்காரரையே தனியாகப் பிடித்தேன். "கரண்டுங்கிறது நெருப்புதானங்கய்யா? அப்ப தென்கெழக்கு அக்கினி மூலையில போர்டு வச்சு, தெக்குச் சுவரோரமா ட்ரேயக் கொண்டு போனா என்ன?"

அவர் கண்ணை மூடித் திறந்து, "உத்தமம்" என்றார். மச்சான் மறுபேச்சில்லாமல் ட்ரேயைத் தொட்டிகளை விட்டு விலக்கித் தெற்குச் சுவருக்கு மாற்றினார். ஆட்கள் தப்பித்தார்கள் என்ற நிம்மதி இருந்தாலும், என் படிப்பு செல்லாத இடத்தில் என் பொய் பக்தி செல்லுபடியானது இன்னும் உறுத்துகிறது.

போன வாரம் மச்சான் வீடியோவில் மில்லைக் காட்டினார். ட்ரேயில் ஒரு பகுதி காலி. "மாப்ள விடச் சொன்ன இடம். ஒருத்தனையும் துண்டுகூட போட விடல."

மறுநாள் ஹான்ஸ் எங்கள் தொழிற்சாலையின் புதிய கூடத்துக்கான வரைபடத்தை விரித்தார். என் விரல் தானாக வடகிழக்கு மூலையில் போய் நின்றது.

"இந்த ட்ரேயைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டு போகலாமா?"

"ஏன், அங்கே வெப்பம் அதிகமா?"

ஆமாம் என்றேன். அங்கே ஒரு வெப்பமும் இல்லை. ஹான்ஸ் என்னை நம்பி, கோட்டை அழித்து வேறு வழியாக வரைந்தார். ஹாம்பர்க்கில் இப்போது ஈசானிய மூலை காலியாக இருக்கிறது.